மோட்டார் அறைக்குப் போகும் வழி

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் அறைக் கதவின் கீழ்க்கீலில் ஒரு திருகு கழன்றிருக்கிறது. அதனால்தான் சாத்தும்போதெல்லாம் தரையில் உரசுகிறது. இப்போதே முடுக்கிவிட்டால் சின்ன வேலை. அப்படியே விட்டால் மழைக்காலத்தில் மரம் உப்பிக்கொண்டு சாத்தவே முடியாமல் போய்விடும். கதவுகள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கவனம் அதிகம், தவறாக நினைக்க வேண்டாம்.

அன்று நீங்கள் என் வீட்டுக்கு வந்தபோது வாசல் கதவு பிளந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தீயணைப்புக்காரர்கள், கட்டடத்தைப் பராமரிக்கிற கம்பெனி ஆட்கள், கீழ்மாடிக்காரர்கள் என்று ஊரே என் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. நீங்கள் மட்டும் வாசலுக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டீர்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் அப்படிக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த மரியாதைக்காகத்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன். வக்கீல் என்னை வாயே திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு அவர் தொழில்.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். லிஃப்டில் சிக்கியிருப்பது என் மனைவி என்பதை அறியாமல், மோட்டார் அறைக்குப் போக வந்தவர்களுக்கு வீட்டுக் கதவைத் திறக்க மறுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை தெரிந்தபோது அதிர்ச்சியில் உறைந்துபோனேன் என்றும் இருக்கிறது. இரக்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. கம்பெனி மேனேஜரும் அப்படித்தான் சாட்சி சொல்லியிருக்கிறாராம், நல்ல மனசு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பெரிய தண்டனை எதுவும் வராது, வயசையும் பார்ப்பார்கள் என்று வக்கீல் சொல்கிறார். ஆனால் நான் வாழ்நாள் முழுவதும் பத்திரம் எழுதியவன். வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம், பாகப்பிரிவினை எல்லாம் எழுதியிருக்கிறேன். ஒரு சொல் பிசகினால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். தப்பும் தவறுமாக இருக்கிற காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இந்த வயசில் ஆரம்பிக்கவும் உத்தேசமில்லை.

முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் உச்சி மாடி. அதைக் கட்டிய பில்டர் இடம் மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரர். லிஃப்ட் மோட்டார் அறைக்குத் தனியாகப் படிக்கட்டு வைக்க மனம் வராமல், மேல் வீட்டின் சாமான் அறையில் ஒரு சின்ன இரும்புக் கதவை வைத்து, அதன் வழியாகப் போகிற மாதிரி கட்டிவிட்டார். கட்டடம் முழுக்க விற்றுத் தீர்ந்த பிறகும் அந்த வீடு மட்டும் போகவில்லை. பார்க்க வருகிறவர்கள் இரும்புக் கதவைக் கண்டதும், "இது என்னங்க, வீட்டுக்குள்ள ரோடு போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். எனக்கு அந்த வீடு பார்த்தவுடனே பிடித்துவிட்டது. மற்றவர்களுக்கு அது தொந்தரவாகத் தெரிந்தது. எனக்கு அது அதிகாரமாகத் தெரிந்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தால் சொல்லலாம். அன்றைக்கு அந்தச் சொல் எனக்குத் தோன்றவில்லை.

பத்திரத்தை நானே எழுதினேன். பில்டர் கொடுத்த வரைவில் ஒரு வரி இருந்தது. அவசர காலங்களில் பராமரிப்பவர்கள் முன்னறிவிப்பின்றி மேற்படி வழியைப் பயன்படுத்தலாம் என்று. அதை எடுத்துவிட்டேன். எக்காரணம் பற்றியும், முதல் நாளே எழுத்து மூலம் தெரிவித்து, உரிமையாளரின் சம்மதம் பெற்ற பின்னரே உள்ளே வரலாம் என்று எழுதினேன். பில்டர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் பத்திரத்தை எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறவன் நான். என் பத்திரத்தை அவர் படிக்கவில்லையென்றால் அது அவர் பாடு.

வீட்டுக்குள் முதன்முதலாக வந்த அன்று என் மனைவி எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்துவிட்டு, "காத்து எப்படி வருது பாருங்க" என்றாள். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அடைத்த இடத்தில் இருக்க முடியாது. அவளுக்காகத்தான் உச்சி மாடியாகப் பார்த்து வாங்கினேன். இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் கட்டடத்தைக் குடியிருப்பவர்களே பார்த்துக்கொண்டார்கள். சங்கத்தின் செயலாளர் பழைய காலத்து மனிதர். நாளைக்கு மோட்டாருக்கு எண்ணெய் போட ஆள் வருகிறார் என்றால் இன்றைக்கே ஒரு சீட்டு எழுதிக் கொண்டுவந்து தருவார். நான் படித்துவிட்டு "வரச் சொல்லுங்க" என்பேன். சந்தோஷமாக இருந்தது. அவர் வீட்டை விற்றுவிட்டுப் போன பிறகு பராமரிப்புக் கம்பெனி வந்தது. தரைத்தளத்தில் ஏசி போட்ட அறை, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு மேனேஜர். நல்ல பிள்ளைதான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் "சார், ஒரே நிமிஷம் சார்" என்று சொல்லும்போதே பாதி உடம்பு உள்ளே வந்திருக்கும். அவர் பின்னால் லிஃப்ட்காரர், எண்ணெய் டப்பாவும் எண்ணெய் பிசுக்கு ஏறிய பூட்சுமாக. கூடம், நடை, சாமான் அறை என்று அவர் போன தடம் முழுக்கத் தரையில் தெரியும். பொதுச் சாலையில்கூட இதைவிடக் கவனமாக நடப்பார்கள்.

ஒரு நாள் கண் டாக்டரிடம் போய்விட்டு வருகிறேன். வீட்டில் என் நாற்காலியில் மேனேஜர் உட்கார்ந்து என் பேப்பரைப் படித்துக்கொண்டிருக்கிறார். என் மனைவி அவருக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். கண்ணில் விட்ட மருந்தில் எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது, ஆனால் அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அடிமடியிலேயே கை வைத்த மாதிரி இருந்தது எனக்கு. அவர் எழுந்து, "சார், உங்க வீட்டம்மா டீ நல்லா போடறாங்க" என்றார். மறுநாள் கோர்ட்டுக்குப் போனேன்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கம்பெனி பெரிய வக்கீலை வைத்து, கட்டடத்தின் நன்மை, குடியிருப்பவர்களின் பாதுகாப்பு என்று என்னென்னவோ பேச வைத்தது. நான் பத்திரத்தில் அந்த ஒரு வரியைத்தான் காட்டினேன். நீதிபதி அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இத எழுதினது யாரு?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். அது பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். தீர்ப்பு என் பக்கம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

அதிலிருந்து எனக்குக் கட்டடத்தில் நோட்டீஸ் தாத்தா என்று பெயர். குழந்தைகள் வைத்த பெயர், பெரியவர்களும் பிடித்துக்கொண்டார்கள். லிஃப்ட் நின்றுபோனால் கம்பெனி எனக்கு நோட்டீஸ் கொடுக்கும், மறுநாள் ஆள் வந்து சரிசெய்வார். அதுவரை எல்லோரும் படியேறினார்கள். எனக்குக் கீழ் வீட்டில் இருக்கும் தையல்கார அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு மாடியிலும் படியில் உட்கார்ந்து, என் பெயரைச் சொல்லித் திட்டி, அந்தத் தெம்பில் அடுத்த மாடி ஏறுவார். நானும் படியேறித்தான் போனேன். சட்டத்தில் எனக்கென்று தனிச் சலுகை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

என் மனைவிக்குத்தான் இது பிடிக்கவில்லை. படியில் அக்கம்பக்கத்துக்காரர்களைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்றாள். "கதவத் திறந்து விட்டா நம்ம வீடு என்ன தேஞ்சா போயிடும்?" என்று கேட்பாள். நான் பொறுமையாக விளக்கினேன். வீடு என்பது நாலு சுவர் மட்டும் இல்லை, யார் வரலாம் யார் போகலாம் என்று சொல்கிற இடம்தான் வீடு, இல்லையென்றால் அதற்குப் பெயர் பஸ் நிலையம் என்றேன். காது கொடுத்துக் கேட்டாள். பிறகு நான் காலையில் நடக்கப் போகிற நேரமாகப் பார்த்து லிஃப்ட்காரரை உள்ளே விட்டாள்.

எத்தனை நாளாக நடந்தது என்று தெரியாது. லிஃப்ட் முன்புபோல் நிற்பதே இல்லையே என்று நானே ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மழை தூறியதால் பாதியில் திரும்பினேன். லிஃப்ட்காரர் பூட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி அடி வைத்து என் கூடத்தைக் கடந்துகொண்டிருந்தார். என் மனைவி பின்னாலேயே ஈரத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் இருவரும் நின்றார்கள். "தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கூப்பிட்டேன்" என்றாள். குரலில் பயமே இல்லை. அது எனக்கு வலித்தது, சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது என்றால் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம்.

நான் கோபப்படவில்லை. கைநீட்டுகிற வழக்கம் எனக்கு என்றுமே கிடையாது, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். அவளிடமிருந்த இரும்புக் கதவுச் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். அத்துடன் ஒரு சின்ன ஏற்பாடு. கம்பெனிக்கு ஒரு சட்டம், வீட்டுக்காரிக்கு ஒரு சட்டம் என்று இருந்தால் நாளைக்கு யாராவது என்னைக் கேள்வி கேட்பார்கள். ஆகவே அவளும் வெளியே போவதென்றால் முதல் நாளே தெரிவிக்க வேண்டும் என்றேன். எழுத்து மூலம் வேண்டாம், வாயால் சொன்னால் போதும். மனைவி என்பதால் அந்தச் சலுகை.

முதலில் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு, "நாளைக்குக் காய்கறி வாங்கப் போகலாமா, எஜமான்?" என்று கேலியாகக் கேட்டாள். "தாராளமா" என்றேன். சில மாதம் கழித்துக் கேலி போய்விட்டது, கேட்பது மட்டும் இருந்தது. அதற்கும் பிறகு கேட்பதும் நின்றுவிட்டது. வெளியே போவதை விட்டுவிட்டாள். அவளுக்கு வீட்டிலேயே இருப்பது பிடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். நான் ஒரு நாளும் அவளை உள்ளே வைத்துப் பூட்டியதில்லை. கேட்டதற்கு ஒரு நாளும் மாட்டேன் என்றதில்லை. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். போனில், "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்று அவள் கேட்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் கேட்கும். "ஒண்ணும் ஆகல. அப்பா எப்பவும்போலத்தான் இருக்காரு" என்று இவள் சொல்வாள். உண்மையைத்தான் சொன்னாள்.

மகளுக்கு இது தலைப்பிரசவம். போய் இருக்க வேண்டும் என்று மனைவி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நானும் சரி என்றேன். கிளம்புவதற்கு முதல் நாள் மட்டும் சொல்லு என்றேன். அவள் பையை எடுத்து அலமாரிக்குக் கீழே தயாராக வைத்திருந்தாள். ஆனால் டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. அன்று காலை மருமகன் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம், அம்மாவைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார்.

இவள் போனை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். புடவைகூட மாற்றவில்லை.

"நாளைக்குக் காலைல போ" என்றேன்.

"வலி என்ன நோட்டீஸ் குடுத்துட்டா வருது?" என்றாள்.

அதை அவள் கத்திச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், பையின் வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். நான் மறுபடியும் சொன்னேன், இன்றைக்குச் சொன்னதாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன், நாளைக்குக் காலையில் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று. நியாயமாகத்தான் பேசினேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். சொல்லிக்கொள்ளாமல் போனாள். இத்தனை வருட வாழ்க்கையில், கடைத்தெருவுக்குப் போனால்கூட "போயிட்டு வரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் வாசல் தாண்டியதில்லை.

இங்கேதான் உங்கள் வாக்குமூலத்தில் அடுத்த பிழை இருக்கிறது. பழுதடைந்து நின்றுவிட்ட லிஃப்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். லிஃப்ட்காரர் பாவம், மாதாமாதம் எண்ணெய் போட்டுக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட லிஃப்ட். அதில் பழுது எதுவும் இல்லை. அவர் பிழைப்பில் மண் விழக் கூடாது.

மோட்டாருக்குப் பக்கத்திலேயே இத்தனை காலம் குடியிருந்தவனுக்கு அதன் சத்தம் அத்துப்படி. எந்த மாடியிலிருந்து எந்த மாடிக்குப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவள் லிஃப்டுக்குள் ஏறிக் கதவு சாத்துவது கேட்டது. நான் சாமான் அறைக்குப் போய், இரும்புக் கதவைத் திறந்து, மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றேன். மோட்டார் ஓட ஆரம்பித்தது. உடனே நிறுத்தவில்லை. ஒரு மாடிக் கதவுக்கு நேராக நின்றுவிட்டால் கையால் தள்ளித் திறந்துகொண்டு இறங்கிப் போய்விடலாம். இரண்டு கதவுகளுக்கு நடுவில், சுவருக்கு நேராக வரும்வரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஸ்விட்சை இறக்கினேன்.

அந்த ஸ்விட்ச் என் வீட்டு வழியாகப் போகும் அறையில்தான் இருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது. அவளுக்குக் கெடுதல் நினைத்து நான் அதைச் செய்யவில்லை. கொஞ்ச நேரம் நின்று யோசிக்கட்டும், ஒரு வார்த்தை கேட்கட்டும் என்றுதான். கேட்டால் ஸ்விட்சைத் தூக்கிவிட எவ்வளவு நேரம் ஆகும்? லிஃப்டுக்குள் இருக்கும் சின்ன மின்விசிறியும் அதே ஸ்விட்சில்தான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் லிஃப்டின் அபாய மணி அடித்தது. அது பேட்டரியில் அடிப்பது. பிறகு மேனேஜரும் லிஃப்ட்காரரும் படியேறி வந்து என் மணியை அழுத்தினார்கள். சங்கிலியை மாட்டியபடியே கதவைத் திறந்தேன்.

"சார், ஒரே நிமிஷம் சார். லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்க. யாருன்னு தெரியல. மேல போய் கையால சுத்தி இறக்கணும்" என்றார் மேனேஜர். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது அவருக்கு. மோட்டார் அறையில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதைச் சுற்றத் தெரிந்தவர் சுற்றினால் லிஃப்ட் மெல்ல இறங்கி அடுத்த கதவுக்கு வந்துவிடும்.

"நோட்டீஸ் கொண்டுவந்திருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"சார், ஆள் உள்ள இருக்காங்க சார்."

"நாளைக்கு வாங்க."

லிஃப்ட்காரர் மேனேஜரின் தோளுக்குப் பின்னாலிருந்து, "ஐயா, கட்டடத்துல கரண்ட் இருக்கு. மேல மெயின் ஸ்விட்ச்தான் விழுந்திருக்கும். நீங்களாவது கொஞ்சம் தூக்கி விடுங்கய்யா" என்றார். விவரமான ஆள். நான் கதவைச் சாத்தினேன். அவர்கள் கீழே ஓடிப்போய், லிஃப்ட் நின்ற இடத்துக்கு மேலே இருந்த மாடியின் லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறந்து பார்த்திருக்கிறார்கள். லிஃப்டின் கூரைதான் தெரிந்ததாம். பழைய லிஃப்ட், கூரையில் ஆள் இறங்க வழி கிடையாது. மின்விசிறிக்கு வைத்த கை நுழைகிற ஓட்டை மட்டும்தான். அதன் வழியாகப் பேச்சுக் கொடுத்தபோதுதான் லிஃப்ட்காரருக்குக் குரல் பிடிபட்டிருக்கிறது.

அவர் தனியாகத் திரும்பி ஓடிவந்தார். இந்தத் தடவை மணி அடிக்கவில்லை, கையால் கதவைத் தட்டினார்.

"ஐயா, உள்ள இருக்கறது நம்ம அம்மாய்யா. உங்க வீட்டம்மா. மூச்சுத் திணறுதுங்குறாங்க. திறங்கய்யா."

நம்ம அம்மா என்றார். என் மனைவி எப்போது அவருக்கு அம்மா ஆனாள் என்று எனக்குத் தெரியாது.

சங்கிலியோடு கதவைத் திறந்து அவரைப் பார்த்தேன். அதிர்ச்சியில் உறைந்து நின்றேன் என்று உங்களிடம் சொன்னது அவர்தான் என்று நினைக்கிறேன். நான் உறையவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். "சரி, திறக்க வேணாம். அம்மாவோட மருந்தையாவது குடுங்க, ஓட்டை வழியா போட்டுர்றேன்" என்று கெஞ்சினார். அழுதார் என்றுகூடச் சொல்லலாம். அவள் மூச்சுக்கு வாய்க்குள் அடித்துக்கொள்கிற மருந்து ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். முதல் நாளே சொல்லியிருந்தால் நான் ஞாபகப்படுத்தி எடுத்துப் பையில் வைத்திருப்பேன். எப்போதும் அதைச் செய்கிறவன் நான்தான்.

சங்கிலியை எடுக்காமலே இடுக்கு வழியாகக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் அது அவள் பொருள். அவளைக் கேட்காமல் அவள் பொருளை எடுத்து மூன்றாம் மனிதரிடம் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. உரிமை விஷயத்தில் நான் அடுத்தவர் பக்கமும் பார்க்கிறவன். கதவைச் சாத்திவிட்டு மோட்டார் அறைக்குப் போனேன்.

அங்கே ஒரு பழைய முக்காலி கிடந்தது. லிஃப்ட்காரர் உட்காரட்டும் என்று என் மனைவி போட்டு வைத்தது போலிருக்கிறது. அதில் உட்கார்ந்தேன். தரையில் இரும்புக் கயிறுகள் இறங்குகிற ஓட்டைகள் இருக்கின்றன. கீழே பேசுவது அதன் வழியாகப் பக்கத்து அறையில் பேசுவது மாதிரி கேட்கும். அவள், "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இருமல். பிறகு மகள் பெயரைச் சொன்னாள். "பாப்பா தனியா இருப்பா, தம்பி" என்றாள். எங்களுக்கு ஒரே மகள். அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த முதல் நாள் இரண்டு பேரும் தெருமுனையில் நின்று அழுதிருக்கிறோம். கல்மனசுக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் அவள் அழைத்தது எல்லோரையும். என்னை அழைக்கவில்லை. நான் இருப்பது தெரியட்டும் என்று ஓட்டைக்கு நேராகக் குனிந்து தொண்டையைச் செருமினேன்.

கீழே சத்தம் நின்றது. அவளுக்கு அந்தச் செருமல் தெரியும். இருட்டில் ஆயிரம் பேர் செருமினாலும் என்னுடையதைக் கண்டுபிடித்துவிடுவாள். மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஸ்விட்ச் எப்படி இறங்கியது என்பது அப்போது அவளுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் அவசரப்படுத்தவில்லை.

அதற்குள் தீயணைப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். மேனேஜர்தான் கூப்பிட்டிருக்கிறார். வாசலில் இரும்புக் கம்பியால் என் கதவை நெம்ப ஆரம்பித்தார்கள். தேக்குக் கதவு, நானே நின்று செய்வித்தது. நோட்டீஸ் கிடையாது, கேள்வி கிடையாது, கூடத்தில் தீர்ப்பு மாட்டியிருக்கிற வீடு. ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவள் பேசினாள். குரல் ரொம்பவும் கீழே போயிருந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"ஏங்க... நான் போயிட்டு வரட்டுமா?"

கேட்டுவிட்டாள். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. என் மனம் அப்படியே இளகிவிட்டது. முதல் நாளே சொல்ல வேண்டும் என்ற விதியைக்கூட அந்த நிமிடமே விட்டுக்கொடுத்தேன். "போயிட்டு வா" என்றேன். ஓட்டைக்கு நேராக, அவளுக்குக் கேட்கிற மாதிரி, அன்பாகத்தான் சொன்னேன். எழுந்து ஸ்விட்சில் கை வைத்தேன்.

வாசலில் மேல்தாழ்ப்பாள் தெறித்து விழுகிற சத்தம் கேட்டது. நீங்களே சொல்லுங்கள், கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள் என்றால் வீட்டுக்காரன் எங்கே நிற்க வேண்டும்? ஸ்விட்சை விட்டுவிட்டு ஓடினேன். கதவில் முதுகைக் கொடுத்து, காலைச் சுவரில் ஊன்றி, என்னால் முடிந்த மட்டும் தள்ளிப் பிடித்தேன். இந்த வயசில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நன்றாகவே தாக்குப் பிடித்தேன். கடைசியில் நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். லிஃப்ட்காரர் என்னைத் தாண்டிக்கொண்டு, பூட்சோடு, சாமான் அறைக்கு ஓடினார். ஸ்விட்ச் தானாக விழுந்திருக்கிறது என்று நினைத்துத் தூக்கிவிட்டார். மோட்டார் ஒழுங்காக ஓடி, லிஃப்ட் தரைத்தளத்துக்குப் போய் நின்று, கதவும் ஒழுங்காகத் திறந்தது. அவள் மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மூச்சு இல்லையாம்.

பேத்தி பிறந்திருக்கிறாள் என்று மேனேஜர்தான் வந்து சொன்னார். மருமகன் எனக்குப் போன் செய்யவில்லை. மகள் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளாம். அவளுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்காமல் கொள்ளாமல் அம்மா வீட்டைவிட்டுப் போனாள், அந்த ஆத்திரத்தில் அப்பா கதவைத் திறக்காமல் இருந்துவிட்டார் என்று. அது அவள் அம்மாவுக்கும் இழுக்கு, எனக்கும் இழுக்கு.

அதனால்தான் சொல்கிறேன், அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். ஸ்விட்சை இறக்கியவன் நான். உள்ளே இருப்பது யார் என்று தெரிந்தே கதவைத் திறக்காதவன் நான். மருந்தைக் கொடுக்காதவனும் நான்தான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், என் மகள் படிக்க வேண்டும். அவள் அம்மா போயிட்டு வரட்டுமா என்று கேட்டாள், நான் மனதாரச் சம்மதித்துத்தான் அனுப்பி வைத்தேன்.